ஏழு டாலர்

ஒரு ஆளுக்கு, ஒரு வேட்பாளருக்கு, ஒரு தேர்தலுக்கு
இருநூற்றைம்பது டாலர். அதற்கு மேல் கூடாது.
நகரமன்றக் குமாஸ்தா மஞ்சள் தாளில் அச்சடித்துத் தந்தாள்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்,
மீன்பிடி உரிமத்தோடு.

நான் பொருளாளர்.
முப்பது வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தவன்.
வெர்னா கோஸ்கெலா கேட்டாள், மறுக்கத் தெரியவில்லை.
மூன்றாம் வார்டில் நிற்கிறாள்.
ஜல்லிக் குவாரி ஏரிக்கரை வரை வரக்கூடாது
என்பது அவளுடைய ஒரே பேச்சு.
இன்னொன்றும் உண்டு, நடைபாதைப் பனி அள்ளுவதைப் பற்றி;
அதற்கு யாரும் கை தட்டுவதில்லை.

அக்டோபர் கடைசி.
ஏரியின் ஓரத்தில் பாலாடை போலப் பனி.
சமையலறை மேசையில் செருப்புப் பெட்டி நிறைய ரசீது.
பத்து, இருபது, பதினைந்து,
ஒரு பையன் தந்த மூன்று டாலர் நாற்பது சென்ட்.
தொழில் என்ற கட்டத்தில்
ஐந்தாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறான்.

அப்புறம் ஐலா ரவுட்டியோ.
முதியோர் இல்லத்தில் இரவெல்லாம் பாத்திரம் கழுவுகிறவள்.
மே மாதத்திலிருந்து மாதம் ஐம்பது,
நாலாக மடித்து, ஈரம் காயாமல்.
செப்டம்பரில் இருநூற்றைம்பது முழுசாகச் சேர்ந்துவிட்டது.
அதற்கடுத்த வாரம்
சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்தில்
நாங்கள் நிதிக்காக விற்ற புளூபெர்ரி கேக் ஒன்றை
வாங்கிக்கொண்டு போனாள்.
ஏழு டாலர்.
கேக் வாங்குவதும் நன்கொடைதான்
என்கிறது மஞ்சள் தாள், பத்தி நான்கு.

எதிராளியின் கணக்கையும் பார்க்கலாம், எவரும் பார்க்கலாம்.
போய்ப் பார்த்தேன்.
குவாரிக்காரர் ஸ்டென்ஸ்ரூட் வீட்டிலிருந்து
பதினான்கு காசோலை, ஒரே தேதி, ஒரே நீல மை.
ஐந்தின் வால் எல்லாவற்றிலும்
ஒரே பக்கம் சுழிந்திருந்தது.
அப்பா, அம்மா, மகன்கள், மருமகள்கள்,
அரிசோனாவில் இருக்கிற சித்தப்பா,
கடைசியாக ஓடின் ஸ்டென்ஸ்ரூட்.
ஓடினை எனக்குத் தெரியும்.
ஏப்ரலில் அவனுக்கு ஞானஸ்நானம்; நானும் போயிருந்தேன்.
இன்னும் பல் முளைக்கவில்லை.

குமாஸ்தாவிடம் கேட்டேன்.
வரம்புக்குள்தானே இருக்கிறது ஒவ்வொன்றும், என்றாள்.
படிவத்தில் வயது கேட்கிறதா?
கேட்கவில்லை.
அவள் ஸ்டேப்ளரை ஒருமுறை அழுத்தினாள்.

ஏழு டாலரை யார் பார்க்கப் போகிறார்கள், என்றாள் வெர்னா.
நான் பார்த்த பிரேக்கையும் யாரும் பார்த்ததில்லை, என்றேன்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை.
முதியோர் இல்லத்தின் பின்கதவில் நின்றேன்.
கை துடைத்துக்கொண்டு வந்தாள் ஐலா.
காசோலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
என் காசு உங்களுக்குக் கசக்கிறதா?
அளவு நிறைந்துவிட்டது, என்றேன்.
யாருக்கு?

உள்ளே ஏதோ தட்டு விழுந்து உடைந்தது.
அவள் திரும்பவில்லை.
வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவதற்கும் வரம்பு உண்டா?
தாளை எடுத்துக் கதவு விளக்கடியில் படித்தேன்.
சம்பளம் வாங்காத உழைப்பு கணக்கில் வராது, பத்தி ஆறு.

சனிக்கிழமை வந்தாள், வேலை முடிந்த கையோடு.
ஒரே ஒரு தெரு.
பதினொன்றாவது வீட்டுப் படியில் உட்கார்ந்தபடியே
தூங்கிப்போனாள்.
அந்த வீட்டுக்காரர் போர்வை கொண்டுவந்து போர்த்தினார்.
வாக்கு யாருக்கு என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை என் வீட்டுக்கே ஒரு அட்டை வந்தது,
வழவழப்பான தாள்,
ஏரி உண்மையில் இருப்பதைவிட நீலமாக.
அதில் எத்தனை அங்குலம் ஓடினுடையதோ.

இன்று இரவு கடைசிக் கணக்கு.
ரவுட்டியோ, ஐலா. பெற்றது இருநூற்றைம்பத்தேழு.
திருப்பித் தந்தது ஏழு.
கோடு போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போதுதான் உறைத்தது.
கேக்கை அவள் தின்றுவிட்டாள்.
காசு திரும்பிப் போய்விட்டது.
அப்படியானால் அந்த கேக்
நாங்கள் ஒரு வாக்காளருக்குச் சும்மா கொடுத்தது.

மஞ்சள் தாளை மறுபடி விரிக்கிறேன்.
மடிப்பு விழுந்த இடத்தில்
எழுத்து தேய்ந்திருக்கிறது.
பத்தி ஒன்பது என்று நினைக்கிறேன்.